சில்வர் ஓக் மேலே ஏறி அறுக்க எடை குறைந்த மிஷின் ரம்பம்: எதை வாங்கலாம்?

1. சேர்வராயன்

வணக்கம். ஏற்காட்டில் எங்களுக்கு 9 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழல் மரம் பெரும்பாலும் சில்வர் ஓக், இடையிடையே பலாவும் முள்முருங்கையும். சில்வர் ஓக் எல்லாவற்றிலும் மிளகு ஏற்றியிருக்கிறோம். பருவமழை பிடிப்பதற்குள் கொப்பு கழித்து வெளிச்சம் விட்டாக வேண்டும். அப்பா காலத்திலிருந்து இந்த வேலையைச் செய்துவந்த பெரியவர்கள் இருவரும் போன வருடத்தோடு ஏறுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு மூங்கில் ஏணியும் அரிவாளும் போதும். இப்போது வரும் தம்பிகள் இருவரும் மிஷின் கேட்கிறார்கள்.

வீட்டில் இருப்பது 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட பெரிய மிஷின். தரையில் விறகு துண்டு போட அருமையாக இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு 40 அடி உயரத்தில் ஒருவரை நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் டாப் ஹேண்டில் வகையில், அதாவது மரத்தின் மேல் வைத்து அறுக்க ஏற்றபடி கைப்பிடி எஞ்சினுக்கு மேலேயே இருக்கும் வகையில், ஒன்று வாங்க நினைக்கிறேன். பாரும் செயினும் இல்லாமல் கம்பெனி சொல்லும் எடைகள் இவை:

ஸ்டில் எம்எஸ் 151 டிசி-இ: 23.6 சிசி, 1.1 கிலோவாட், 2.6 கிலோ
ஸ்டில் எம்எஸ் 194 டி: 31.8 சிசி, 1.4 கிலோவாட், 3.3 கிலோ
ஸ்டில் எம்எஸ் 201 டிசி-எம்: 35.2 சிசி, 1.8 கிலோவாட், 3.7 கிலோ
ஹஸ்க்வர்னா டி435: 35.2 சிசி, 1.5 கிலோவாட், 3.4 கிலோ
ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பி: 37.7 சிசி, 1.8 கிலோவாட், 3.9 கிலோ
எக்கோ சிஎஸ்-2511டிஇஎஸ்: 25 சிசி, 1.1 கிலோவாட், 2.3 கிலோ

நாங்கள் கழிக்கும் கொப்பு பெரும்பாலும் 3 முதல் 6 அங்குலம். சில மரத்தில் தலையை இறக்கும்போது 10, 11 அங்குலம் வரும். எடையைப் பார்ப்பதா, பவரைப் பார்ப்பதா?

2. பேராவூரணி தென்னை

பவரைப் பாருங்கள் அண்ணே. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்து அகற்றவே மாதக்கணக்கானது. அப்போது சின்ன மிஷின் வாங்கியவர்கள் எல்லாரும் திணறினார்கள். சின்ன எஞ்சினை எப்போதும் முழு ரேஸில் வைத்தே ஓட்ட வேண்டியிருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். உங்கள் பட்டியலில் 201 அல்லது டி540, இரண்டில் ஒன்று. ஒரு தடவை செலவு செய்தால் பத்து வருடம் யோசிக்க வேண்டாம்.

3. சிங்கை மரமேறி

சேர்வராயன் அண்ணா, நான் சிங்கப்பூரில் மரம் பராமரிக்கும் வேலையில் 8 வருடமாக ஏறுகிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். இங்கே தூங்குமூஞ்சி மரமும் வேங்கையும்தான் அதிகம். உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எடை என்று தாளில் போட்டிருப்பதை நம்பி நானும் ஒரு காலத்தில் தப்புக் கணக்குப் போட்டேன்.

முதலில், அந்த எண்கள் எல்லாம் வெறும் எஞ்சினின் எடை. 201-இல் 14 அங்குல பார், செயின், டேங்க் நிறைய பெட்ரோல், செயின் ஆயில் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்துப் பாருங்கள், 5 கிலோவை ஒட்டி வரும். எக்கோ 2511-ஐ 10 அங்குல பாரோடு நிறைத்தால் 3 கிலோவைத் தொடும். 151 அதைவிடக் கொஞ்சம் கூட. ஆக மேலே இருப்பவருக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 2 கிலோ. தரையில் அது பெரிதாகத் தெரியாது. மேலே மிஷின் நாள் முழுக்க இடுப்பில் தொங்குகிறது, கையை நீட்டித் தலைக்குப் பக்கத்தில் அறுக்க வேண்டியிருக்கிறது. மதியத்துக்குள் முன்கை நடுங்க ஆரம்பித்துவிடும். அப்போதுதான் தவறு நடக்கும்.

இரண்டாவது, பவரை எடையால் வகுத்துப் பாருங்கள். 201-க்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 486 வாட். 2511-க்கு 478. டி540-க்கு 461. டி435-க்கு 441. 194-க்கும் 151-க்கும் 423-ஐ ஒட்டி. அதாவது சின்னது என்றால் சோப்ளாங்கி என்று அர்த்தமில்லை. அதன் அளவுக்கு அது நன்றாகவே இழுக்கிறது. 6 அங்குலம் வரை வித்தியாசம் தெரியாது. 8-க்கு மேல் போனால் சின்னது மூச்சு வாங்கும், நாம் அழுத்தக் கூடாது, அதன் போக்கில் விட வேண்டும்.

பேராவூரணி அண்ணன் சொல்வது தரையில் கிடக்கும் மரத்துக்குச் சரி. அங்கே டாப் ஹேண்டிலே தேவையில்லை, அந்த வேலைக்கு அதை எடுக்கவும் கூடாது. இரண்டு கைப்பிடியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், பாரின் நுனி எதிலாவது பட்டு எகிறினால் அடக்குவது கஷ்டம். முகத்துக்கும் கழுத்துக்கும்தான் வரும். மரத்தின் மேல் இடம் நெருக்கமாக இருப்பதால் வேறு வழியில்லாமல் அந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

உங்கள் வேலைக்கு நான் 151 அல்லது 2511 என்பேன். வருடத்தில் நாலைந்து மரத்தில் வரும் 11 அங்குலத்துக்காக, மீதி நூற்றுக்கணக்கான கொப்புக்கும் 5 கிலோ சுமக்க வைக்காதீர்கள்.

4. மேட்டுப்பாளையம் பட்டறை

மிஷின் ரிப்பேர் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வாங்கும்போது எல்லாரும் மிஷினைப் பார்க்கிறார்கள், செயினைப் பார்ப்பதில்லை.

151-இல் வருவது கால் அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), 1.1 மில்லிமீட்டர் கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் பகுதியின் தடிமன்) செயின். மெல்லிசாக வெட்டும், அதனால்தான் சின்ன எஞ்சினால் வேகமாக அறுக்க முடிகிறது. ஆனால் பல் சின்னது, எண்ணிக்கை அதிகம். தீட்ட 3.2 மில்லிமீட்டர் அரம் வேண்டும். பெரியவற்றில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம், அது எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். 3.2 எல்லா இடத்திலும் இருக்காது. மிஷின் வாங்கும் அன்றே நாலு அரமும் மூன்று செயினும் சேர்த்து வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் சீசன் நடுவில் மழுங்கிய செயினை வைத்துக்கொண்டு தம்பிகள் அழுத்தி அறுப்பார்கள். மழுங்கிய செயினோடு 201 வைத்திருப்பதைவிடத் தீட்டிய செயினோடு 151 வைத்திருப்பது மேல்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்ததை மாதக்கணக்கில் கேனில் விட்டால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். மலையில் ஈரம் அதிகம், இன்னும் சீக்கிரம் கெடும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலாக இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1. சீசன் முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டுப் பிறகு எடுத்து வையுங்கள். என்னிடம் வரும் சின்ன மிஷின்களில் பாதிக்கு மேல் கார்புரேட்டர் அடைப்புதான், காரணம் டேங்க்கில் கிடந்த பழைய பெட்ரோல்.

201 டிசி-எம்மிலும் டி540-இலும் பெட்ரோலும் காற்றும் சேரும் அளவை மிஷினே சரி செய்துகொள்ளும், ஸ்குரூ டிரைவர் வேலை கிடையாது. ஏற்காட்டு உயரத்துக்கு அது வசதி. மற்றவற்றை ஊருக்குக் கொண்டுபோன பிறகு ஒரு தடவை டியூன் பண்ணச் சொல்லுங்கள்.

எக்கோ நல்ல சாமான்தான். ஆனால் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் ஸ்பேர் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். இது எல்லாப் பிராண்டுக்கும் பொருந்தும்.

5. பேராவூரணி தென்னை

சரி, தரை வேலையையும் மேல் வேலையையும் நான் ஒன்றாகப் போட்டுவிட்டேன். ஆனால் செயின் விஷயத்தில் பட்டறை அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. தென்னையில் வெளி வட்டம் இரும்பு மாதிரி. நாலைந்து மரத்துக்குள் செயின் மழுங்கிவிடும். நார் போய் செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் (ஸ்புராக்கெட்) சுற்றிக்கொள்ளும். சில்வர் ஓக் அப்படி இருக்காது.

ஒரு சந்தேகம். சின்ன மிஷின் வாங்குவதே ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கத்தானே? எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

6. கூடலூர் மிளகு

தம்பி, அதைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் அப்படித்தான் அறுத்தார். இடது கையால் கொப்பைப் பிடித்திருந்தார், வலது கையில் மிஷின். கொப்பு அறுந்ததும் பார் வந்த வேகத்தில் இடது மணிக்கட்டுக்கு மேலே இறங்கிவிட்டது. ஒற்றைக் கயிறு, அதுவும் சாதாரண நைலான். நல்லவேளை செயின் கயிற்றில் படவில்லை. கீழே இறக்கி, ஜீப்பில் போட்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. கை பிழைத்தது. இரண்டு விரலில் இன்றைக்கும் உணர்ச்சி கிடையாது. அவரை ஏற்றியது நான், மிஷினைக் கையில் கொடுத்ததும் நான். கற்றுக்கொடுக்காமல் கொடுத்தேன். அந்த ஒன்றே கால் மணி நேரத்தை நான் மறக்கவே இல்லை.

அதனால் சேர்வராயன், எந்த மாடல் என்பதற்கு முன்னால் கயிற்றுக்கும் பயிற்சிக்கும் பணம் எடுத்து வையுங்கள். மீதியில் மிஷின் வாங்குங்கள்.

7. சிங்கை மரமேறி

அக்கா, எழுதியதற்கு நன்றி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கை வேலைக்கு மாற்று இருக்கிறது, சில்வர் ஓக்குக்கு அது இன்னும் சுலபம். அந்த மரக்கட்டை சட்டென முறியும் ஜாதி. கொப்பின் ஒரு பக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் அறுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஓர் அங்குலம் தள்ளி அதே அளவு அறுங்கள். இரண்டு வெட்டும் ஒன்றையொன்று தாண்டி நிற்கும், ஆனால் சந்திக்காது. கொப்பு அப்படியே நிற்கும். இப்போது மிஷினை ஆஃப் செய்து இடுப்பில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் கொப்பைப் பிடித்து உடைத்து, காப்பிச் செடி இல்லாத பக்கமாகப் போடலாம். அறுக்கும்போது இரண்டு கையும் மிஷினில், போடும்போது இரண்டு கையும் கொப்பில். தூக்க முடிகிற கொப்புக்கு மட்டும் இது. பெரிய கொப்பைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும்.

மிஷின் ஓடும் நேரத்தில் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். ஒன்று மேலே கவையில் போட்ட ஏறும் கயிறு. இன்னொன்று இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி வரும் குட்டைக் கயிறு, உள்ளே எஃகுக் கம்பி ஓடும் வகை. செயின் பட்டால் சாதாரணக் கயிறு ஒரு நொடிகூட நிற்காது. எஃகு உள்ளது கொஞ்சம் தாங்கும், அந்த நேரத்துக்குள் கையை எடுத்துவிடலாம். இடம் மாறும்போதெல்லாம் செயின் பிரேக்கைப் போட்டுவிட வேண்டும், ஒரு அடி நகர்ந்தாலும்.

மிஷின் லேசாக இருக்கட்டும் என்று நான் சொல்வதே இதற்காகத்தான். கனமான மிஷினை இடுப்பில் மாட்டி எடுக்கச் சோம்பல் வந்துவிடும், கையிலேயே வைத்துக்கொண்டு நகர்வார்கள். லேசானதை ஒவ்வொரு தடவையும் தொங்கவிட்டு எடுக்க அலுப்பு வராது.

இன்னொன்று. 3 அங்குலத்துக்குக் கீழே இருப்பதற்கு மிஷினே வேண்டாம். வளைந்த கை ரம்பம் ஒன்றை உறையோடு தொடையில் கட்டிக்கொண்டால் பாதி வேலை அதிலேயே முடியும்.

8. சேர்வராயன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதைத் தம்பிகள் இருவருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவர் உடனே, அப்படியானால் கயிறு முதலில் வரட்டும் என்றார்.

இரண்டு கேள்வி. பேட்டரி மிஷின் எப்படி? அப்புறம், மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டால் மிளகுக்கொடி நசுங்காதா? கொடி 15, 20 அடி வரை ஏறியிருக்கிறது.

9. மேட்டுப்பாளையம் பட்டறை

பேட்டரியில் ஏறுவதற்கென்றே ஸ்டில் எம்எஸ்ஏ 161 டி இருக்கிறது. பேட்டரி இல்லாமல் 2.1 கிலோ என்று போட்டிருப்பார்கள். அதில் ஏபி 300 எஸ் பேட்டரி போட்டால் இன்னும் 1.8 கிலோ. மொத்தம் 3.9, பாரும் செயினும் தனி. அதாவது டி540 எடைக்கே வந்துவிடுகிறது. சின்ன பேட்டரி போட்டால் எடை குறையும், ஓடும் நேரமும் குறையும்.

கார்புரேட்டர் கிடையாது, ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுக்க வேண்டாம், பெட்ரோல் கெடாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் மழைக்கு முந்தின வாரத்தில் கரண்ட் போனால் உங்கள் வேலை நின்றுவிடும். இரண்டு பேட்டரியாவது வேண்டும், விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. சிங்கை மரமேறி

பேட்டரியில் பெரிய நன்மை சத்தம். அறுத்து நிறுத்தினால் உடனே அமைதி, கீழே நிற்பவர் சொல்வது காதில் விழும். பெட்ரோல் மிஷின் ஐடிலில் கத்திக்கொண்டே இருக்கும். ஆபத்தும் அதே இடத்தில் இருக்கிறது. சத்தம் இல்லாததால் மிஷின் தயார் நிலையில் இருப்பது மறந்துபோகும். பட்டனைத் தொட்டால் செயின் சுற்றும். பாதுகாப்புக் கால்சட்டைக்குள் இருக்கும், செயினில் சிக்கி அதை நிறுத்தும் நார்களும் பேட்டரி மிஷினைப் பெட்ரோல் மிஷின் அளவுக்கு நிச்சயமாக நிறுத்தும் என்று சொல்ல முடியாது.

மிளகுக்கொடி பற்றி நல்ல கேள்வி. எனக்கு அந்த அனுபவம் கிடையாது, அக்காதான் சொல்ல வேண்டும்.

11. கூடலூர் மிளகு

நாங்கள் இரண்டு வருடம் கொடியை நாசம் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டோம். காலில் இரும்பு முள் கட்டி ஏறினார்கள். ஒவ்வொரு மிதியிலும் கொடியின் வேர்ப்பிடி அறுந்தது, மரத்திலும் காயம். முள் கட்டி ஏறுவது அடியோடு வெட்டப்போகும் மரத்துக்கு மட்டும்தான். ஏணி சாய்த்தாலும் மேல்முனை கொடியின் மீதுதான் அழுந்தும்.

இப்போது செய்வது இது. சின்ன மூட்டை கட்டிய மெல்லிய நூலைக் கீழிருந்து எறிந்து, நல்ல உயிருள்ள கவையில் தாண்ட விடுகிறோம். அதை வைத்து ஏறும் கயிற்றை இழுத்துக்கொள்கிறோம். கவை பாரம் தாங்குமா என்று இரண்டு ஆள் கயிற்றில் தொங்கிச் சோதித்த பிறகுதான் ஏறுபவர் ஏறுவார். ஏறும்போது மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளியே வருவார், கொடியைத் தொடுவதே இல்லை. கொடி முடியும் இடத்துக்கு மேலே போன பிறகு எஃகுக் கயிற்றைச் சுற்றிப் போடுவார். உங்களுக்கு 20 அடி என்றால் அதற்கு மேலேதானே கொப்பு கழிப்பீர்கள், சரியாக வரும்.

நூல் எறிவது மட்டும் பழக வேண்டும். முதல் நாள் முழுக்க எறிந்தே கழிந்தது.

12. சேர்வராயன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தெரிந்தவர் ஒருவரிடம் 201-உம் இன்னொருவரிடம் 151-உம் ஒரு நாள் இரவல் வாங்கினோம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். நிறைத்த 201 4.9 கிலோ. நிறைத்த 151 3.3 கிலோ. ஏறுவதற்கு முன் தரையிலேயே வெட்டிக் கிடந்த சில்வர் ஓக் கொப்புகளில் சோதித்தோம். 4 அங்குலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 7 அங்குலத்தில் 201 முந்தியது. 11 அங்குலத்தில் 151 அறுத்தது, ஆனால் பாதியில் இரண்டு தடவை எடுத்து மூச்சு விட வைக்க வேண்டியிருந்தது.

பிறகு மேலே. ஆளுக்கு மூன்று மரம், மிஷினை மாற்றி மாற்றி. இறங்கி வந்ததும் கையை நீட்டி ஒரு தம்ளர் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னேன். 201 வைத்திருந்த தம்பிக்குத் தண்ணீர் ஆடியது. மதியத்துக்குப் பிறகு மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன், அப்போது ஆட்டம் அடுத்தவருக்கு வந்தது. எனக்கு அதற்கு மேல் கேள்வி இருக்கவில்லை.

151-ஐ வாங்கிவிட்டேன். எக்கோ மனதுக்குப் பிடித்திருந்தது, ஆனால் விசாரித்த வரையில் எனக்குப் பக்கத்தில் ஸ்பேர் அமையவில்லை. மூன்று செயின், இரண்டு கை ரம்பம், இரண்டு செட் ஏறும் கயிறு, இரண்டு எஃகுக் கயிறு, இரண்டு ஹெல்மெட். கயிறும் இடுப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் சேர்ந்து மிஷின் விலையைத் தாண்டிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஏறத் தெரிந்த ஒருவரை நாலு நாள் வரவழைத்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். தலை இறக்க வேண்டிய ஐந்து மரத்தை இந்த வருடம் அவரே கயிறு கட்டி இறக்கித் தந்தார்.

சிங்கைத் தம்பி சொன்ன அந்த இரண்டு வெட்டு முறையை எங்கள் தம்பிகள் முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டார்கள். இந்த வாரம் 11 மரம் முடிந்தது. ஒரு கொடிகூட அறுபடவில்லை. நூல் எறிவதில் சின்னவர் பெரியவரை மிஞ்சிவிட்டார்.

மேட்டுப்பாளையம் அண்ணா, சேலத்தில் நாலு கடை ஏறினேன், 3.2 அரம் எங்கும் இல்லை. மிஷினோடு வந்த ஒன்றுதான் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் ஆறு வேண்டும்.

13. மேட்டுப்பாளையம் பட்டறை

இருக்கிறது. தனிச் செய்தியில் முகவரி அனுப்புங்கள், நாளைக்கே பார்சல் போடுகிறேன். ஆழம் அளக்கும் தகடு ஒன்றும் சேர்த்து வைக்கிறேன். நாலு தடவை தீட்டியதும் பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டையும் அதை வைத்துப் பார்த்து ஓர் இழை குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் தூள்தான் வரும், சீவல் வராது.